நெல்லை வெயிலில் வேரிகேட்டட் ஹவோர்த்தியா: எங்கே தப்பு நடக்கிறது?

வேரிகேட்டட், அதாவது இலையில் வெள்ளை வரி விழுந்த, ஹவோர்த்தியா கூப்பரி என்ற சின்னச் சதைப்பற்றுச் செடியைப் பார்த்ததும் பலரும் சொல்வது, “இது நம்ம கற்றாழை மாதிரில்லா இருக்கு” என்பதுதான். சரிதான், இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் அதை நம்பி சோற்றுக்கற்றாழைக்குப் பக்கத்தில், காம்பவுண்டு சுவர்மேல் கொண்டுபோய் வைத்தால் போச்சு.

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் பகுதியில் கூப்பரி, புல் புதர் நிழலில், மண்ணுக்குள் பாதி புதைந்து வளரும். கண்ணாடி போன்ற இலை நுனி மட்டும் வெளியே தெரியும். அதன் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. வெள்ளை வரி விழுந்த வகைக்கு இன்னும் சீவன் குறைவு. வரி உள்ள இடத்தில் பச்சையம் இல்லாததால், மிச்சமிருக்கும் பச்சைதான் மொத்தச் செடிக்கும் சோறு போட வேண்டும். ஏப்ரல் மாதம் பாளையங்கோட்டை மொட்டை மாடியில் ஒரு மதியம் இருந்தாலே வெள்ளைப் பகுதி வெந்து பழுப்பாகிவிடும். அந்தத் தழும்பு போகாது. கிழக்கு ஜன்னலில் இளவெயில் பட்டால் போதும்.

பெரும்பாலான செடிகளைக் கொல்வது வெயில்கூட இல்லை, கோடையில் நாம் ஊற்றும் தண்ணீர். இந்தச் செடி இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் ராத்திரியும் புழுங்குகிறது. செடி வேலையை நிறுத்திவிட்டுச் சுருங்கிக்கொள்ளும். பழைய வேர்கள் சில காய்ந்தும் போகும். அதைப் பார்த்தால் நமக்கு மனசு கேட்காது, ஒரு செம்பு ஊற்றிவிடுவோம். சூடேறிய சட்டியில் அந்த ஈரம் வேரை அவித்துவிடும். சுருங்கிய செடி பிழைக்கும், அழுகியது பிழைப்பது கஷ்டம். கோடையில் எப்போதாவது சாயங்காலம் சட்டி ஓரமாகக் கொஞ்சம் ஊற்றினால் போதும். “வாரம் ஒருமுறை” என்று எழுதுகிறவர்கள் நம் ஊர் மே மாதத்தைப் பார்த்ததில்லை.

ஆனி, ஆடிக் காற்று வேறு வகையில் ஏமாற்றும். மேல்மண் காலையிலேயே காய்ந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் அடியில் ஈரம் அப்படியே இருக்கும். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம்.

ஐப்பசிக்கு மேல் செடி விழித்துக்கொள்ளும், தண்ணீரும் கேட்கும். அதற்காக மழையில் வைக்கக் கூடாது. 2023 டிசம்பர் மாதிரி கொட்டினால் சட்டி சகதிதான். லேசாகத் தொட்டதும் செடி ஆடினால் வேர் போய்விட்டது என்று அர்த்தம். உடனே பிடுங்கி, கொழகொழத்த இலைகளையும் அழுகிய வேரையும் எடுத்துவிட்டு, சில நாள் நிழலில் உலர்த்திப் புதுக் கலவையில் வையுங்கள்.

கலவையிலும் கவனம் வேண்டும். செம்மண் இறுகிவிடும், சலித்த ஆற்று மணலும் படிந்துவிடும். கடலைப்பருப்பு அளவு செங்கல் துண்டும் கரியும் பெரும்பங்கு, மக்கிய உரம் கொஞ்சம், அவ்வளவுதான். சட்டி மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர் என்றால் மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

அப்புறம், ‘வேரிகேட்டட் விதை’ என்று விற்பதை வாங்காதீர்கள். வரி விதையில் ஒழுங்காக இறங்காது. இலையைக் கிள்ளி நட்டாலும் பெரும்பாலும் வரி மாறிவிடும். பக்கக்கன்றுதான் வழி, அதிலும் பார்த்துப் பிரிக்க வேண்டும். முழு வெள்ளைக் கன்று அழகாக இருக்கும். ஆனால் அது தாய் போடும் சோற்றில் வாழ்வது, பிரித்தால் செத்துவிடும். முழுப் பச்சைக் கன்று வேகமாக வளர்ந்து தாயையே அமுக்கிவிடும், அதை முதலில் எடுத்து வேறு சட்டிக்கு மாற்றுங்கள். வெள்ளையும் பச்சையும் கலந்த கன்று, சொந்த வேர் விட்ட பிறகு, கார்த்திகை வாக்கில் பிரிக்கலாம்.