புதிய பேஸ்போல் கையுறையை நான் பழக்கிய விதம்

ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து தந்த தோல் பேஸ்போல் கையுறை முதல் நாள் பலகையைப் போல விறைத்திருந்தது. உப்புவெளிக் கடற்கரையில் தம்பி எறிந்த பந்துகள் எல்லாம் அதில் பட்டுத் தெறித்து விழுந்தன. அவசரப்பட்டுத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசியதுதான் நான் செய்த பெரிய பிழை. தோல் கறுத்துக் கனத்தது. மாரி மழை தொடங்கியதும், அலுமாரிக்குள் இருந்த கையுறையில் பூஞ்சணமும் பிடித்தது.

கையுறையை வீட்டுக்கு வெளியே வைத்துப் பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாட்கள் உலர்த்தினேன். கடும் வெயிலும் அடுப்புச் சூடும் தோலின் எண்ணெய்ப்பசையை வற்றச்செய்து அதை வெடிக்க வைக்கும் என்பதால், அடுப்பங்கரையில் வைக்கும்படி அயலவர் ஒருவர் அன்போடு சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. பின்னர், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள வலைக்குச் சற்றுக் கீழே பந்து தங்கவேண்டிய இடத்தை, தச்சர்கள் பயன்படுத்தும் கொட்டாப்புளியால் நாள்தோறும் கால்மணி நேரம் தட்டினேன். இரவில், ஏறத்தாழ 145 கிராம் எடையும் 23 சென்ரிமீற்றர் சுற்றளவும் உடைய பேஸ்போல் பந்தையே அக்குழியில் வைத்து, பெருவிரலும் சின்னவிரலும் நெருங்குமாறு மடித்துத் துணிப்பட்டியால் கட்டிவைத்தேன்.

ஆனாலும் கையுறைக்கு உண்மையான வடிவத்தைக் கொடுத்தது பந்து பிடித்ததுதான். தம்பி முதலில் மெதுவாகவும் பின்னர் வேகமாகவும் எறிய, மாலைதோறும் 50 பந்துகள் வரை பிடித்தேன். மூன்றாவது வாரத்தில், பந்து உள்ளே விழுந்த கணமே கையுறை தானாக மூடிக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. இப்போது தோல் பொருட்களுக்குரிய களிம்பை விரல்நுனியளவு மட்டும் எப்போதாவது பூசுகிறேன். மாரி காலத்தில் அதை அலுமாரிக்குள் வைப்பதே இல்லை.