விலகலை மாறியாக்காதீர்கள்

அரைப்புள்ளி விட்டதைக் கம்பைலரே சொல்லிவிடும். ஒருவர் முடிவு மற்றவர் லாபத்தைப் பாதிக்கும் ஆட்டக் கோட்பாட்டுக் கணக்குகளைக் கட்டுப்பாட்டு நிரலாக்கத்தில், அதாவது மாறிகளையும் நிபந்தனைகளையும் மட்டும் கொடுத்து விடை தேடுவதைச் சால்வர் என்ற மென்பொருளிடம் விடும் முறையில், எழுதும்போது வரும் பெரிய தவறுகளை யாரும் சொல்வதில்லை. சால்வர் அரை நொடியில் விடை தரும், அந்த விடை தப்பாக இருக்கும்.

"வேறு விலை"யை மாறியாக எழுதுவது

கிருஷ்ணகிரியில் இரண்டு மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாம்பழத்துக்குக் கிலோ 8 அல்லது 12 ரூபாய் சொல்கின்றன என்று ஒரு கற்பனைக் கணக்கு. இருவரும் 8 என்றால் ஆளுக்கு 10 லட்சம் லாபம். ஒருவர் மட்டும் 12 என்றால் பழம் அவரிடம் குவியும்: அவருக்கு 13, மற்றவருக்கு 3. இருவரும் 12 என்றால் 6, 6. நாஷ் சமநிலை, அதாவது தான் மட்டும் விலையை மாற்றி யாரும் கூடுதல் லாபம் பெற முடியாத நிலை, ஒன்றுதான்: இருவரும் 12.

மாணவர்கள் எழுதுவது இப்படி: ஆலையின் விலை ஒரு மாறி, அது தாவக்கூடிய வேறு விலை (விலகல்) இன்னொரு மாறி, 'இப்போதைய லாபம் தாவினால் வரும் லாபத்துக்குக் குறையக்கூடாது' என்று ஒரு நிபந்தனை. ஓட்டினால் 9 விடைகள் வரும். நான்கு விலைச் சேர்க்கைகளும் சமநிலையாம்!

மாறி என்றாலே 'ஏதாவது ஒரு மதிப்பு பொருந்தினால் போதும்' என்று பொருள். சமநிலைக்கு 'எந்த மதிப்பு வந்தாலும்' என்று வேண்டும். சால்வர் வேறு விலைக்கும் 8 என்றே வைத்து, 10-க்கு 10 சரி என்று போய்விடும்.

அடுத்த ஒட்டுவேலை இன்னும் எரிச்சல்: 'வேறு விலை, இப்போதைய விலைக்குச் சமமாகக் கூடாது.' இரண்டு விலை இருக்கும்வரை விடை சரியாக வரும், டெமோவும் தேறிவிடும். யாரும் தாவ விரும்பாத நட்ட விலையாக 20 ரூபாயைச் சேர்த்துப் பாருங்கள். சால்வர் அதையே தேர்ந்தெடுத்து, 8-8 சேர்க்கையை மறுபடி சமநிலை என்று சொல்லும்.

வேறு விலை மாறியே அல்ல. மினிசிங்க் என்ற கட்டுப்பாட்டு நிரல்மொழியில் அதை ஃபார்ஆல் ('எல்லா மதிப்புக்கும்') சுற்றுக்குள் 'வார்' (மாறி என்ற அறிவிப்பு) இல்லாத மாறிலியாக ஓடவிடுங்கள். 2 ஆலை, 2 விலை, ஆக 4 நிபந்தனைகள். லாப அட்டவணையை விலை மாறியாலேயே சுட்டலாம், மினிசிங்கே அதை எலிமென்ட் கட்டுப்பாடாக (மாறி சுட்டும் கட்டத்தை அட்டவணையிலிருந்து எடுக்கும் நிபந்தனையாக) மாற்றிக்கொள்ளும்.

மொத்த லாபத்தை உச்சமாக்குவது

8-8 வரும். அது கூட்டணி, சமநிலை அல்ல.

தக்காளிக் கணக்கில் விடுபடும் 1

ராயக்கோட்டைப் பக்கம் 10 விவசாயிகள், 5 பயிர்களில் ஆளுக்கு ஒன்று போடுகிறார்கள் என்றால் முழு லாப அட்டவணையில் ஆளுக்கு 97,65,625 கட்டங்கள். லாபம் அந்தப் பயிரை எத்தனை பேர் போட்டார்கள் என்பதை மட்டுமே பொறுத்தது என்றால், எண்ணிக்கையை மாறியாக்கினால் போதும். ஆனால் கேழ்வரகிலிருந்து தக்காளிக்குத் தாவுபவர் தன்னையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்த 1-ஐ விட்டால் பெரும்பாலும் 'விடை இல்லை' என்று வரும். லாப விதி எல்லோருக்கும் ஒன்றே என்றால் இந்த ஆட்டத்துக்குத் தூய உத்திச் சமநிலை (ஒவ்வொருவரும் ஒரே தேர்வை உறுதியாக எடுக்கும் சமநிலை) கட்டாயம் உண்டு, 1973-இல் பொருளியலாளர் ரோசன்தால் நிறுவியது. ஆகவே பிழை உங்கள் மாதிரியில்தான்.

எல்லா 'விடை இல்லை'யும் பிழையல்ல

ஒத்தையா ரெட்டையா ஆட்டத்துக்குத் தூய உத்திச் சமநிலையே கிடையாது. 1950-இல் நாஷ் உறுதியளித்தது கலப்பு உத்திகளுக்கு, அதாவது தேர்வுகளை நிகழ்தகவோடு கலந்து எடுப்பதற்கு. அதற்கு நிகழ்தகவுகளையே மாறிகளாக வைத்து வேறு மாதிரி எழுத வேண்டும்.

பின்னங்கள்

கூகுளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில் உள்ள சிபி-சாட் சால்வர் நிபந்தனைகளில் முழு எண்களை மட்டுமே ஏற்கும். 7.25 லட்சத்தை 725 ஆக்குங்கள், மற்ற எல்லா லாபங்களையும் அதே 100-ஆல் பெருக்குங்கள்.

முதல் விடையோடு நிறுத்துவது

எல்லா விடைகளையும் கேளுங்கள். சிபி-சாட்டில் அதற்கு ஒரே ஒரு வொர்க்கர்தான் (விடை தேடும் இழை) வைக்க வேண்டும்.