‘செம ப்ரோ’வைத் தாண்டி: ஒற்றை ஆள் குறும்படத்துக்குக் கருத்து வாங்குவது எப்படி

ஒரே ஆள் நடித்த குறும்படத்தை முடித்து லிங்க்கை நண்பர்கள் குரூப்பில் போட்டுப் பாருங்கள். அஞ்சு நிமிடத்தில் ‘செம ப்ரோ’, ‘நடிப்பு வேற லெவல்’ என்று வந்து குவியும். என் படம் 12 நிமிடம். கணக்கு உங்களுக்கே புரியும்.

அதனால் முதல் வேலை, லிங்க் அனுப்பாதீர்கள். ஆறேழு பேரை ஒரு அறையில் உட்காரவைத்து டிவியிலோ சுவரிலோ போட்டுக் காட்டுங்கள். அதில் பாதிப் பேருக்காவது நடிகரை முன்பின் தெரிந்திருக்கக் கூடாது, ஏனென்றால் தெரிந்தவர்கள் கதாபாத்திரத்தைப் பார்க்க மாட்டார்கள், ‘நம்ம பய என்னமா பண்ணியிருக்கான்’ என்றுதான் பார்ப்பார்கள். எல்லோரிடமும் சொல்லி, சம்மதம் வாங்கி, அறை மூலையில் ஒரு போனை அவர்கள் பக்கம் திருப்பி ரெக்கார்ட் போடுங்கள். படம் தொடங்கும்போது ஒரு கைதட்டல் தட்டிவிட்டால், எந்த முகம் எந்த ஷாட்டுக்கு என்று பிறகு பொருத்திக்கொள்ளலாம்.

அந்த வீடியோவில்தான் உண்மை இருக்கும். என் படத்தில் ஒருவன் தனியறையில் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருப்பான், அப்பா குரல் நமக்குக் கேட்காது. எட்டாவது நிமிடத்தில் அவன் உடைந்து அழும் ஒரு நீண்ட க்ளோசப். நான் மார்தட்டிக்கொண்ட ஷாட் அதுதான். வீடியோவில் பார்த்தால், சரியாக அந்த இடத்தில் ஒருவர் வாட்டர் பாட்டிலைத் திறக்கிறார், இன்னொருவர் கால் ஆட்டுகிறார், மூன்றாமவர் போனை மெல்லத் திருப்பி மணி பார்க்கிறார். ஆனால் ஆறாவது நிமிடத்தில், அப்பா மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கைலி நுனியால் துடைத்து, தானே மாட்டிப் பார்த்து, பவர் தாங்காமல் கண்ணைச் சுருக்குவான். வசனமே இல்லை. ஏழு பேரும் அசையவில்லை. படம் முடிந்து கேட்டபோது எல்லோரும் பாராட்டியது என்னவோ அழுகையைத்தான்! வாய் ஒன்று சொல்லும், கால் வேறொன்று சொல்லும். காலை நம்புங்கள்.

அப்புறம் கேள்வி. ‘நடிப்பு எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. நான் கேட்டது, ‘போனில் அந்தப் பக்கம் பேசியது யார், என்ன சொன்னார்?’. ஏழு பேரில் மூன்று பேர் ‘கடன் கொடுத்தவர்’ என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்ப ஓட்டிப் பார்த்தால் காரணம் தெரிந்தது: ஷூட்டிங்கில் மறுமுனையில் யாருமே இல்லை, அதனால் நடிகர் அப்பா பேசி முடிக்க இடம் விடாமல் தன் அடுத்த வரிக்குத் தாவியிருக்கிறார். ஒற்றை ஆள் நடிப்பில் பேசுவதைவிட, இல்லாத ஒருவர் பேசுவதைக் கேட்பதுதான் பெரிய வேலை. வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஆமா’ போட ஒருவர் இருப்பார், இங்கே அந்த ‘ஆமா’வைப் பார்ப்பவர்தான் மனசுக்குள் போடவேண்டும், அதற்கு இடைவெளி வேண்டாமா? இப்போதெல்லாம் பக்கத்து அறையிலிருந்து ஒருவரை நிஜமாகவே போனில் பேசவைத்துத்தான் எடுக்கிறேன். ஷூட்டிங் முடிந்துவிட்டதென்றால், எடிட்டில் நடிகர் கேட்பது போன்ற துண்டுகளைத் தேடி இடைவெளியை நீட்டலாம், ஓரளவு சரியாகும்.

பாராட்டு நடிப்புக்கா எடிட்டிங்குக்கா என்பது அடுத்த குழப்பம். நூறு வருடங்களுக்கு முன்பு ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர், ஒரு நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்ட, பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் அந்த நடிகர் என்னமாய்க் காட்டுகிறார் என்று மெச்சியதாகச் சொல்வார்கள். நம் படத்திலும் அது நடக்கும். இன்னொரு குழுவுக்குப் பின்னணி இசையை எடுத்துவிட்டுப் போட்டுக் காட்டுங்கள். அப்போதும் அதே இடத்தில் அமைதியானால் அது நடிகரின் வேலை. இல்லையென்றால் வயலினுக்கு நன்றி சொல்லுங்கள். இதில் சத்தம் சின்ன விஷயமில்லை. பார்த்திபன் ஒருவரே திரையில் தோன்றும் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ 2019ல் வந்தது, மற்ற பாத்திரங்கள் எல்லாம் வெறும் குரல்தான். அதன் ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது.

யூடியூபில் ஏற்றிய பிறகு கமெண்ட்டைவிட யூடியூப் ஸ்டுடியோவில் வரும் ரிடென்ஷன் கோட்டைப் பாருங்கள், படத்தின் எந்த இடத்தை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கோடு அது. முதல் 30 விநாடிச் சரிவு எல்லோருக்கும் இருக்கும், விடுங்கள். நடுவில் கோடு எகிறினால் உடனே துள்ளாதீர்கள், திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்றுதான் அர்த்தம். எனக்கு அப்படி எகிறிய இடம், ஃபேன் சத்தத்தில் வசனம் புரியாத இடம்.

கடைசியாக, இதையெல்லாம் நடிகரிடம் எப்படிச் சொல்வது. கமெண்ட்டுகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள், அந்த ஆள் தனியாகப் பன்னிரண்டு நிமிடத்தைத் தாங்கியிருக்கிறார், பாதித் தப்பு நம்முடையது. மூலையில் வைத்து எடுத்த அந்த வீடியோவையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்காட்டுங்கள். எங்கள் நடிகர் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், ‘அந்த அழுகையைப் பாதியா வெட்டிரலாமா?’ என்று அவராகவே கேட்டார். வெட்டினோம்.