பிளாக் கோஹோஷ்: மூலிகைதானே என்று விழுங்கும் முன்

இரவு இரண்டு மணி. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் மார்பிலிருந்து கழுத்துக்கு அனல் ஏறி நைட்டி நனைந்துவிடுகிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இப்படித் தவிப்பவர்கள் இணையத்தில் தேடினால் பிளாக் கோஹோஷ் மாத்திரை வந்து நிற்கும். இது வட அமெரிக்கக் காட்டுச் செடி. அங்குள்ள பூர்வகுடிகள் இதன் வேர்க்கிழங்கை மருந்தாகப் பயன்படுத்தினார்கள். 1875-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லிடியா பிங்கம் டானிக்கிலும் இது இருந்தது, நம் வெந்தயத்தோடு. கூடவே தாராளமாக ஆல்கஹாலும் இருந்தது. பாதி நிம்மதி அதனால் வந்திருக்கலாம்!

'அவளுக்குக் கேட்டது, எனக்கும் கேட்கும்' என்பது முதல் தவறு. 16 ஆய்வுகளை, அதாவது 2,027 பெண்களின் விவரங்களை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் அலசியது. பலன் உண்டென்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. இத்தகைய ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அனல் குறைவது வழக்கம்.

பெரிய தவறு, மூலிகை என்பதால் கல்லீரலை மறந்துவிடுவது. இதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதால், 2006-இல் ஆஸ்திரேலிய அரசு புட்டியின் மேல் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றது. குற்றவாளி இந்த வேர்தானா என்பது இன்னும் தீரவில்லை. ஏனெனில் பரிசோதித்த சில புட்டிகளில் இருந்தது விலை குறைந்த ஆசியச் செடி வகைகள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாமல் உடல் அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பெயரும் ஏமாற்றும். புளூ கோஹோஷ் என்பது இதன் தம்பி அல்ல, வேறு குடும்பத்துச் செடி; இதயத்தைப் பாதிக்கக் கூடியது.

மருத்துவரைக் கேட்காமல் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்வதும் தவறு. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், 'மாத்திரை சூடு' என்று தள்ளிப் போடாமல் மகளிர் நல மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது அந்தப் புட்டியையும் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.