மடிக்கணினி டாக்கிங் ஸ்டேஷனுக்கு மாற்றுக் கேபிள் தேர்ந்தெடுப்பது எப்படி?

மடிக்கணினியை வெளித்திரை, விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றோடு ஒரே கேபிளால் இணைக்கும் பெட்டியே டாக்கிங் ஸ்டேஷன், சுருக்கமாக டாக். அதோடு வந்த கேபிள் பழுதானால், வீட்டில் கிடக்கும் வேறொரு யூஎஸ்பி-சி கேபிளைச் செருகிப் பார்ப்பதே பெரும்பாலோர் முதலில் செய்யும் காரியம். சார்ஜ் ஏறும், விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்யும், ஆனால் வெளித்திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். டாக்தான் கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிய டாக்கே வாங்கிவிடுபவர்களும் உண்டு. அந்தச் செலவு தேவையற்றது என்பதைச் சொல்லவே இந்த விளக்கம்.

படி 1: பழுது கேபிளில்தானா என்று உறுதி செய்யுங்கள்

டாக்கின் மின் இணைப்பை ஒரு நிமிடம் துண்டித்துவிட்டு மீண்டும் கொடுங்கள். சில சமயம் அதுவே போதும். பிறகு மடிக்கணினியின் போர்ட்டுக்குள் தூசி அடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கேபிளை முனைக்கு அருகில் மெல்ல அசைக்கும்போது திரை மினுக்கினாலோ சார்ஜ் விட்டுவிட்டு வந்தாலோ, பழுது பெரும்பாலும் கேபிளில்தான் இருக்கிறது. டாக்கின் உடலோடு கேபிள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தால், அதை நீங்களாகவே வெட்டி ஒட்ட முயலாமல் தயாரிப்பாளரின் சேவை மையத்தை அணுகுங்கள்.

படி 2: உங்கள் டாக் எந்த வகை என்று கண்டறியுங்கள்

டாக்கின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண் இருக்கும். அதைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைப் பாருங்கள். அதிவேக இணைப்பு வகைகளான தண்டர்போல்ட், யூஎஸ்பி 4, படத்தையும் கடத்தும் சாதாரண யூஎஸ்பி-சி, கணினியில் மென்பொருள் நிறுவி இயக்கும் டிஸ்ப்ளேலிங்க் ஆகிய நான்கில் ஒன்றாக அது இருக்க வாய்ப்பு அதிகம். மின்னல் குறி தண்டர்போல்ட்டுக்கு உரியது. கேபிளில் அதன் அருகே இருக்கும் 3, 4 அல்லது 5 என்ற எண் தலைமுறையைக் காட்டும்.

படி 3: கேபிள் எவற்றைக் கடத்த வேண்டும் என்று பாருங்கள்

இதுவே மிக முக்கியமான படி. யூஎஸ்பி-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. மின்சாரத்துக்கும், நொடிக்கு 480 மெகாபிட் வேகமுள்ள பழைய யூஎஸ்பி 2.0 தரவுக்கும், அதிவேகத் தரவுக்கும் படத்துக்கும் தனித்தனிக் கம்பிகள் கேபிளுக்குள் உண்டு. கைபேசியுடன் வரும் சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் அதிவேகக் கம்பிகளே இருப்பதில்லை. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் யூஎஸ்பி 2.0 கம்பிகள் போதும், ஆனால் படம் செல்ல வழியில்லை. முதலில் சொன்ன கறுப்புத் திரைக்குக் காரணம் இதுதான்.

ஆகவே உறையில் வேகம் குறிப்பிடப்படாத கேபிளை டாக்குக்காக வாங்காதீர்கள். சாதாரண யூஎஸ்பி-சி டாக்குக்கு 10 ஜிகாபிட் என்று குறிப்பிட்ட, படத்தையும் கடத்தும் கேபிள் பெரும்பாலும் போதுமானது. தண்டர்போல்ட் 3, 4 மற்றும் யூஎஸ்பி 4 டாக்குகளுக்கு 40 ஜிகாபிட் கேபிளைத் தேர்ந்தெடுங்கள். டாக் எந்த வகை என்பது கடைசிவரை தெளிவாகவில்லை என்றால், சான்று பெற்ற தண்டர்போல்ட் 4 கேபிளை வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. விலை கூடுதல்தான், ஆனால் இருபுறமும் யூஎஸ்பி-சி போர்ட் உள்ள டாக்குகளில் ஏறத்தாழ எல்லாவற்றோடும் அது ஒத்துப்போகும். தண்டர்போல்ட் 5 டாக்கின் முழு வேகத்துக்கு மட்டும் அதே தலைமுறைக் கேபிள் வேண்டும்.

மின்திறனையும் இதே கவனத்தோடு பாருங்கள். சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால், 5 ஆம்பியர் தாங்குவேன் என்று டாக்குக்கு அறிவிக்கும் இ-மார்க்கர் என்ற சிறு சில்லு கேபிளுக்குள் இருக்க வேண்டும். டாக் மடிக்கணினிக்கு 90 வாட் தரக்கூடியது என்றாலும், அந்தச் சில்லு இல்லாத கேபிளைச் செருகினால் 60 வாட்டுக்கு மேல் கொடுக்காது. கனமான வேலையின்போது சார்ஜ் இறங்கிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம். உறையில் 100 வாட் அல்லது 240 வாட் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: தேவைக்கு மேல் நீளம் வேண்டாம்

வேகம் கூடக்கூடக் கேபிளின் நீளம் குறைய வேண்டியிருக்கும். 40 ஜிகாபிட் கேபிள்கள் பெரும்பாலும் 0.8 மீட்டருக்குள் இருப்பது அதனால்தான். 2 மீட்டர் வேண்டுவோர் தண்டர்போல்ட் 4 சான்றுள்ளதையே வாங்க வேண்டும். அதே நீளமுள்ள பழைய தண்டர்போல்ட் 3 ஆக்டிவ் கேபிள்கள் (சமிக்ஞையை வலுப்படுத்தும் சில்லு உள்ளவை) பல, சாதாரண யூஎஸ்பி-சி டாக்கில் யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். நீளம் போதவில்லை என்று எக்ஸ்டென்ஷன் கேபிள் சேர்க்காதீர்கள். யூஎஸ்பி-சி தரவிதிகள் அதை அனுமதிப்பதில்லை.

படி 5: மற்றக் கேபிள்கள்

டாக்கோடு இணைக்கும் 4கே திரையில் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படுவது) வேண்டுமென்றால், 'பிரீமியம் ஹைஸ்பீடு' அல்லது 'அல்ட்ரா ஹைஸ்பீடு' முத்திரையுள்ள எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் சான்று பெற்றதையே தேர்ந்தெடுப்பது நல்லது. மலிவானவை சிலவற்றில் 20ஆவது ஊசி தவறாக இணைக்கப்பட்டிருப்பதால் சாதனங்களுக்கிடையே வேண்டாத மின்சாரம் பாயும். நொடிக்கு 1 ஜிகாபிட் இணையத்துக்கு கேட் 5இ வகை நெட்வொர்க் கேபிள் போதும். டாக்கின் மின் அடாப்டரையே மாற்றுவதானால், வோல்ட் அளவும் முனையின் துருவக் குறியும் பழையதோடு அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

படி 6: வந்தவுடன் சோதியுங்கள்

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், எல்லாச் சாதனங்களையும் ஒரே நேரத்தில் இணைத்து, டாக் வழியாகப் பெரிய கோப்பு ஒன்றை எஸ்எஸ்டி என்ற வேகமான வெளிச் சேமிப்பகத்துக்கு நகலெடுங்கள். அப்போது திரை அணைகிறதா, சார்ஜ் தொடர்ந்து ஏறுகிறதா என்று கவனியுங்கள். திரை அமைப்புகளில் 4கே திரை 30 ஹெர்ட்ஸிலேயே நின்றால், புதிய கேபிளைக் குறை சொல்லும் முன் டாக்கின் விவரப் பக்கத்தை மீண்டும் பாருங்கள். அதிவேகக் கம்பிகளில் பாதியைத் தரவுக்கும் மீதியைப் படத்துக்கும் ஒதுக்கும் பழைய யூஎஸ்பி-சி டாக்குகள் பலவற்றின் எல்லையே அவ்வளவுதான்; எவ்வளவு உயர்ந்த கேபிளை வாங்கினாலும் அது மாறாது.