கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் கப்பி ரோட்டு சைக்கிள்: முதல் பாதையை நீங்களே வரைவது எப்படி?

திண்டுக்கல்லில் ஒரு சைக்கிள் கடையில் "கிராவல் பைக் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கிராவல் மண்ணுன்னா லாரிக்காரங்களைக் கேளுங்க தம்பி" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நம்ம ஊரில் கிராவல் என்றால் வீட்டு மனையில் கொட்டி நிரப்பும் செம்மண்தான். நான் சொல்ல வந்தது கப்பி ரோட்டில் ஓட்டுவதற்கென்றே வரும் சைக்கிள். வளைந்த ஹேண்டில்பார், 40 மில்லிமீட்டர் சுமாருக்கு அகலமான டயர், டிஸ்க் பிரேக். அது கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பழைய எம்டிபி (மவுண்டன் பைக்) போதும். நான் முதல் வருடம் முழுக்க அதில்தான் ஓட்டினேன்.

பஞ்சர் ஒட்டுவது, கியர் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் பாருங்கள். பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில், முன்னால் இருக்கும் சின்னதை விடப் பல் அதிகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போவீர்கள்.

1. எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்களுக்கு நான் சொல்வது கீழ்ப்பழனி மலைப் பக்கம்: ஊத்து, பண்ணைக்காடு, தாண்டிக்குடி. கொடைக்கானலை விடத் தாழ்வு, காப்பித் தோட்டத்து நிழல் உண்டு, கொஞ்ச தூரத்துக்கு ஒரு டீக்கடை வந்துவிடும். யானை நடமாட்டமும் உண்டு. அதனால் இருட்டுவதற்கு முன் ஊருக்குள் வந்துவிட வேண்டும்.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் இரண்டாவது தடவைக்கு. பார்க்க அழகு அதுதான், ஆனால் கால் வாங்கிவிடும். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் வான் ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மேட்டுப் பக்கம் ஏறித்தான் பூம்பாறைக்கு இறங்க வேண்டும். போகும்போது ஜாலியாக இறங்கிய அதே ரோட்டில், சாயங்காலம் கால் சோர்ந்த நேரத்தில் ஏறி வர வேண்டும். முதல் தடவை இதை யோசிக்காமல் மன்னவனூர் வரை போய்விட்டு, திரும்பும்போது ஒரு பூண்டு லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

2. மேப்பில் தெரியும் கோட்டை நம்பாதீர்கள்

நான் வசமாக மாட்டியது இங்கேதான். பூம்பாறைக்குக் கீழே, தார் ரோட்டில் இருந்து பிரிந்து வயல்களுக்கு நடுவே இறங்கி மறுபடி ரோட்டில் சேரும் ஒரு மெல்லிய கோடு மேப்பில் இருந்தது. சேட்டிலைட் படத்திலும் பழுப்பாக, பளிச்சென்று தெரிந்தது. சந்தோஷமாகப் பாதையில் சேர்த்துவிட்டேன். நேரில் போனால் முதல் 200 மீட்டர் நல்ல மண் ரோடு, அப்புறம் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. அதற்குக் கீழே இன்னொரு படி. பூண்டுப் பாத்திகளுக்கு நடுவே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றேன். களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து பார்த்து, "ஏப்பா, அது ரோடா? மழை பெஞ்சா தண்ணி எறங்குற வழிப்பா" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து மேப்பைத் திரும்பத் திறந்து பார்த்தபோதுதான் உறைத்தது. கோட்டை மட்டும் பார்த்தேனே தவிர, அதன் கீழே இருந்த சம உயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்துப் போடும் கோடுகள்) பார்க்கவே இல்லை. வண்டி போகிற ரோடு மலையைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். சம உயரக் கோடுகளை ஒட்டியே வளையும், ஒவ்வொன்றாக நிதானமாகத் தாண்டும். தண்ணீர் அப்படிப் போகாது. கோடுகளை நெடுக வெட்டிக்கொண்டு நேராக இறங்கும். ஆக, மேப்பில் ஒரு பாதை வளையாமல், சம உயரக் கோடுகளை அடுத்தடுத்து நேராக வெட்டிக்கொண்டு போகிறது என்றால் அதைத் தொடாதீர்கள்.

கணக்காகப் பார்க்க வேண்டுமா? கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயரம் என்று மேப்பில் போட்டிருந்தால், ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை கோடு தாண்டுகிறது என்று எண்ணுங்கள். ஐந்து என்றால் 100 மீட்டர் ஏற்றம், அதாவது 10 சதவீதம். அதற்கு மேல் போனால் உதிரிக் கப்பியில் பின்சக்கரம் பிடிக்காமல் சுற்றும்.

இதற்கு நான் பயன்படுத்துவது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச மேப்) வைத்து ஓடும் செயலிகள். கூகுள் மேப் டீக்கடை தேட நல்லது, பாதை வரைய ஆகாது. மேப்பை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மன்னவனூர் தாண்டி சிக்னலை நம்ப முடியாது.

3. இடம் யாருடையது?

கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. மலையின் பெரும்பகுதிக் காடு அதற்குள் வருகிறது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அதைத் தாண்டி மூணாறு பக்கம் போகும் பழைய ரோடு மேப்பில் ஆசையைக் கிளப்பும், ஆனால் மூடிய ரோடு, விட்டுவிடுங்கள். எஸ்டேட் கேட் திறந்திருந்தாலும் வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டே உள்ளே போங்கள். "அண்ணே, அந்தப் பக்கம் ரோட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கூடவே, வழி முன்னால் அடைத்திருக்கிறதா என்றும் சொல்லிவிடுவார்கள்.

4. மழை பெய்து இரண்டு நாள் பொறுங்கள்

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும் சுண்ணாம்புக்கல் மலைகளில் ஓட்டுபவர்கள் எழுதியவை. அங்கே மழைத் தண்ணீர் பாறை இடுக்கில் சட்டென்று உள்ளே இறங்கிவிடும். சுண்ணாம்புத் தூள் கலந்த கப்பி இறுகிக் கெட்டிப்படும். "மழை விட்டதும் கிளம்பலாம்" என்று அவர்கள் எழுதுவது அந்த மண்ணுக்குச் சரி. நம்முடையது சார்னோக்கைட் என்ற கெட்டியான பாறை, பல்லாவரத்தில் கிடைக்கும் அதே வகை. அது சிதைந்து ஆகும் செம்மண்ணில் களி அதிகம். தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கும். டயரில் அப்பி, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் இறுகி, சக்கரமே சுற்றாது. ஒரு தடவை பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காப்பிக் குச்சியை ஒடித்து வைத்துக்கொண்டு, பத்து மீட்டருக்கு ஒரு தரம் சுரண்டிக்கொண்டே நடந்தேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி நல்ல மாதம், விடியலில் கை விறைக்கும், கையுறை போடுங்கள். கோடையில் காட்டுத் தீ பயத்தால் வனத்துறை சில பாதைகளை அடைப்பதுண்டு, கிளம்பும் முன் விசாரியுங்கள்.

5. காற்று

என் எடை 68 கிலோ. 40 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 36 வைக்கிறேன். இன்னும் குறைத்தால் சொகுசாகத்தான் இருக்கும், ஆனால் கூர்க்கல்லில் இடிக்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கி ஒரே இடத்தில் இரண்டு ஓட்டை விழும். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்ப வேண்டாம், மீட்டர் வைத்த கைப்பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

"மலை ஏறினால் வெளிக்காற்று குறையும், டயர் கல்லு மாதிரி ஆகிவிடும்" என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானல் உயரத்துக்குப் போனால் 3 பிஎஸ்ஐ சுமாருக்குக் கூடும். மேலே குளிரில் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தும் விடும். கீழே அடித்த காற்றை மேலே போய்த் தொட வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர் சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இ-பாஸ் எடுக்காததால் சோதனைச் சாவடியில் நின்று போனில் பதிவு செய்ய வேண்டியதாகிவிட்டது. 2024 மே மாதத்தில் இருந்து கொடைக்கானல் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், முந்தின நாளே எடுத்துவிடுங்கள். கடையில் வாங்கும் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் மலையில் தடை உண்டு, சைக்கிள் பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் காட்டுமாட்டைப் பற்றிக் கேட்டிருந்தார். விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் வரும். நான் ஏழரை மணிக்கு முன்னால் கிளம்புவதில்லை. எதிரே நின்றால் பெல் அடிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் போய்க் காத்திருங்கள். ஒரு முறை நாற்பது நிமிடம் ஆனது.