செந்தட்டி பட்டால்

காங்கயம் பக்கம் மழை பெய்தால் கிளுவை வேலி ஓரமெல்லாம் செந்தட்டிக் கொடி படர்ந்துவிடும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது கை பட்டால் சுரீரென்று எரியும், தடிப்பு எழும்பும். சொறியாதீர்கள், துண்டால் தேய்க்கவும் வேண்டாம். அதன் சுணையில், அதாவது செடிமேல் இருக்கும் மெல்லிய முடியில், ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கிறது; தேய்த்தால் இன்னும் உள்ளே ஏறும்.

செல்லோ டேப்பை ஒட்டி மெதுவாக உரியுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய சுணை ஒட்டியிருப்பது தெரியும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வையுங்கள். காலமைன் லோஷன் தடவலாம். அம்மிச்சி சுண்ணாம்பு பூசச் சொல்வார். வேண்டாம், தோல் வெந்துவிடும். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் பட்டாலோ, உதடு வீங்கி மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.